தீபாவளி டப்பாவுக்கு எந்தக் கேரமல்?

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் வீட்டுச் சமையலறையில் நாற்பது ஜோடி பிஸ்கட் சுட்டு, நடுவில் கேரமல் வைத்து மூடி, டப்பாக்களில் அடுக்கினேன். அன்று மாலை ஒன்றைக் கடித்தபோது வெளியே மொறுமொறுப்பு, உள்ளே நல்ல இழுவை, கடைசியில் நாக்கில் ஒரு துளி உப்பு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு (மலாய் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். மேல் பிஸ்கட்டெல்லாம் வழுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கேரமல் வழிந்து டப்பாவின் அடியில் தேங்கியிருந்தது, பிஸ்கட் மொத்தமும் நமுத்துப்போயிருந்தது. கையில் எடுத்தால் ஈர ரொட்டி போல வளைந்தது. சுவை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அதிலிருந்து இந்த வருஷம் வரை, ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு விதவிதமான கேரமல்களைச் செய்து பார்த்துவிட்டேன். எது ருசி என்பது அல்ல கேள்வி. எது இந்த ஊரில், டப்பாவுக்குள், நாலு நாள் நிற்கும்? தீபாவளிக்கு வீட்டில் கேரமல் சாண்ட்விச் பிஸ்கட் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பிஸ்கட் காய்ந்த பொருள், கேரமலில் தண்ணீர் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி வைத்தால் தண்ணீர் கேரமலிலிருந்து பிஸ்கட்டுக்குள் மெல்ல நகரும். அது எந்த ஊரிலும் நடக்கும். சிங்கப்பூரில் கூடவே காற்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், விடிகாலையில் 90-ஐத் தாண்டும். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் மதியமானால் இடியும் மழையும் வேறு. அதனால் குளிர்நாட்டுச் செய்முறையில் “அறை வெப்பத்தில் கெட்டியாகிவிடும்” என்று எழுதியிருந்தால் அந்த அறை 20 டிகிரி அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் அறை 30.

நம் ஊர் அன்னாசி டார்ட்டைப் பாருங்கள். அதன் நடுவில் வைக்கும் அன்னாசியை மணிக்கணக்கில் கிளறி, ஈரமெல்லாம் போய், உருட்டினால் கையில் ஒட்டாத பதத்துக்குக் கொண்டுவந்துதான் வைக்கிறார்கள். சும்மா ஜாம் போல விட்டால் டார்ட் இரண்டு நாளில் நமுத்துவிடும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். கேரமலுக்கும் அதே கணக்குதான். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

சர்க்கரையை உருக்கி, வெண்ணெயும் கிரீமும் சேர்த்துச் செய்யும் கேரமல்தான் ருசியில் முதலிடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த லேசான கசப்பு வேறு எதிலும் வராது. 200 கிராம் சர்க்கரை, 90 கிராம் வெண்ணெய், 120 மில்லி கிரீம், அரைத் தேக்கரண்டி உப்பு என்பது என் அளவு. கிரீம் பெட்டியில் பால் கிரீம் என்றும் 35 சதவீதக் கொழுப்பு என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தாவர எண்ணெயில் செய்த கிரீமும் அதே அலமாரியில்தான் இருக்கும். சர்க்கரை உருகி, தேன் நிறத்தைத் தாண்டித் தாமிர நிறத்துக்கு வரும்போது வெப்பம் 170 டிகிரியைத் தொட்டிருக்கும். கிரீமைச் சூடாக்கி வைத்திருந்து அப்போது ஊற்ற வேண்டும். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், சர்க்கரையும் கட்டிப்போகும். ஆழமான பாத்திரம் வையுங்கள், அந்தப் பத்து நிமிஷம் பிள்ளைகள் சமையலறைப் பக்கம் வரவே கூடாது. கொதி எண்ணெயைவிட மோசமாகச் சுடும், மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு விடவும் விடாது.

இதுவரை எல்லாச் செய்முறையிலும் இருப்பதுதான். நான் தவறவிட்டது இதற்கு அடுத்த படி. கிரீம் ஊற்றிக் கலந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். அந்த நிலையில் அது ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் சாஸ், பிஸ்கட்டுக்கு நடுவில் வைக்கும் பொருள் அல்ல. மறுபடி அடுப்பில் வைத்து 118 டிகிரி வரை கொண்டுபோனால்தான் நம் ஊர் வெப்பத்தில் வழியாமல் நிற்கிறது. 115-இல் நிறுத்தினால் குளிரூட்டிய அறையில் நன்றாக இருக்கும், கூடத்துக்குக் கொண்டுவந்தால் நகரத் தொடங்கும். 120-ஐத் தாண்டினால் மிட்டாய், கடிக்கும்போது பிஸ்கட் உடைந்து கேரமல் மட்டும் பல்லோடு வரும். ஆக, கையில் இருப்பது இரண்டு டிகிரி இடைவெளி.

தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசப் பாகு எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே பாருங்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், அதில் ஒரு சொட்டுக் கேரமல், விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும், எடுத்துத் தட்டில் வைத்தால் உடனே பரவாமல் உருண்டை உருண்டையாகவே உட்கார வேண்டும். என் அத்தை தெர்மாமீட்டரைத் தொட்டதே இல்லை. அவர் தண்ணீரில் விட்டு “இன்னும் ஒரு நிமிஷம்” என்றார், நான் பக்கத்தில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன், 117. அந்த ஒரு நிமிஷத்தில் 118 வந்தது.

இதில் உழைப்பும் ஆபத்தும் அதிகம். ஒருமுறை கருகினால் சர்க்கரை, நேரம், பாத்திரம் மூன்றும் போச்சு. முப்பது நாற்பது பேருக்குச் செய்வதென்றால் இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்க வேண்டும், தடவைக்குத் தடவை பதம் மாறும். ஆறு பேர் வரும் விருந்துக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருபது டப்பாவுக்கு யோசிப்பேன்.

அடுத்தது டின்பால் கேரமல். தென் அமெரிக்காவில் டுல்சே டெ லெச்சே என்பார்கள். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் அதை நடுவில் வைத்துச் செய்யும் பிஸ்கட்டுக்கு அல்ஃபஹோர் என்று பெயர். அரபு மூலம் கொண்ட அந்தச் சொல் ஸ்பெயின் வழியாக அங்கே போனது. பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிப் பழுப்பாக்குவது, அவ்வளவுதான். நம் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று தாராளமாகச் சொல்லலாம். சர்க்கரைக் கேரமலில் நிறமும் மணமும் சர்க்கரை கருகுவதால் வருகின்றன, இதிலோ பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வருகின்றன. அதனால்தான் கசப்பே இல்லாமல் பால்கோவா மணம் அடிக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் முதல் கடியிலேயே இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

டின்னை வாங்கும்போது ஒரு நிமிஷம் நின்று அட்டையைப் படியுங்கள். நம் ஊரில் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டின்னில், இரண்டு பொருள் இருக்கும். ஒன்று ‘கண்டென்ஸ்ட் மில்க்’, இன்னொன்று ‘கிரீமர்’. கிரீமரில் பாமாயில் சேர்த்திருப்பார்கள், பால் பங்கு குறைவு, விலையும் குறைவு. தேநீருக்கு அது போதும். கேரமலுக்கு நான் செய்து பார்த்தபோது நிறம் மங்கலாகவே இருந்தது, ஆறியதும் மேலே எண்ணெய் படிந்தது, பதமும் கூழ் போல நின்றது. பால் கொழுப்பு, பால் புரதம் என்று இருப்பதையே எடுங்கள்.

மூடிய டின்னை அப்படியே தண்ணீரில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வற்றி டின் வெளியே தெரிய ஆரம்பித்தால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும், இப்போது வரும் இழுத்துத் திறக்கும் மூடிகள் அதற்கெல்லாம் தாங்காது. டின்னைத் திறந்து, பாலை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, மேலே அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டி, மூடியும் போட்டு, பிரஷர் குக்கரில் பாதி டப்பா முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறியதாக்கி 35 நிமிஷம். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால்தான் மூன்று மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது. ஆவி தானாக அடங்கிய பிறகு திறங்கள். திறந்ததும் கட்டி கட்டியாக, தயிர் திரிந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், சூட்டோடு கரண்டியால் அடித்தால் பட்டுப் போல் ஆகிவிடும்.

இங்கேயும் நிறுத்திவிடக் கூடாது. அர்ஜென்டினாவில் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் என்றே கெட்டியான ஒரு வகை தனியாக விற்கிறார்கள். ரொட்டியில் தடவுவதை யாரும் அல்ஃபஹோருக்குள் வைப்பதில்லை. அந்தக் கெட்டியைக் கொண்டுவர, குக்கரிலிருந்து எடுத்ததை அடிகனமான வாணலியில் போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிஷம் கிளறுகிறேன். கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் கோடாகத் தெரிந்து மெல்ல மூடிக்கொள்ளும், ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும். திரட்டுப்பால் கிளறிய கைகளுக்கு அந்தப் பதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறியதும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வைத்த வடிவம் மாறாமல் இருந்தால் டப்பாவுக்குத் தயார்.

இதுதான் எனக்குக் கிடைத்த விடை. சுமார் 390 கிராம் டின் ஒன்றில் முப்பது ஜோடிக்கு வருகிறது, பிஸ்கட் 5 சென்டிமீட்டர் அகலம், ஒன்றுக்குப் பத்துப் பதினோரு கிராம் கேரமல் என்ற கணக்கில். கருகும் பயம் இல்லை, குக்கர் தன் வேலையைப் பார்க்க நாம் மாவு பிசையலாம், இரண்டு டின் பாலை ஒன்றாகவே வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது. குறை ஒன்றுதான், இனிப்புத் தூக்கல். உப்பைத் தயங்காமல் போடுங்கள், ஒரு டின்னுக்கு அரைத் தேக்கரண்டி.

குலா மலாக்காவில் செய்வதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது நம் ஊர்ச் சுவை. தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் சர்க்கரை அது, நம் தென்னங்கருப்பட்டிதான். 200 கிராம் குலா மலாக்காவைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 150 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 40 கிராம் வெண்ணெய், உப்புச் சேர்த்துச் சுண்டவைத்தால் வரும் மணத்துக்கு வீடே அடுப்படிக்கு வந்துவிடும். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். ஏற்கெனவே பழுப்பாக இருப்பதால் நிறத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது, தண்ணீர்ச் சோதனை ஒன்றே வழி. இன்னொன்று, இதற்குக் கசியும் குணம் அதிகம். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான் டப்பாவுக்குள்ளும். தேங்காய்ப்பால் வேறு இருப்பதால் வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். காலையில் செய்து மாலையில் வரும் விருந்தினருக்கு வையுங்கள், மிஞ்சினால் குளிர்பெட்டிக்குள் போகட்டும். டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப இது சரிவராது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

கடையில் வாங்கி வைப்பது? புட்டியில் வரும் டுல்சே டெ லெச்சே பெரிய கடைகளில் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, டின்பாலை ஒப்பிட்டால் விலைதான் உறுத்தும். அதையும் வாணலியில் கிளறிக் கெட்டியாக்க வேண்டும் என்றால் பிறகு எதற்கு வாங்குவது? மெல்லும் கேரமல் மிட்டாயைக் கொஞ்சம் கிரீமோடு உருக்கி வைக்கலாம், அவசரத்துக்குக் கைகொடுக்கும், ருசி மிட்டாய் ருசிதான். பிஸ்காஃப் பரப்பியைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது கேரமல் அல்ல, பிஸ்கட்டை எண்ணெயோடு அரைத்த விழுது. ஆனால் அதில் தண்ணீர் மிகவும் குறைவு என்பதால் பிஸ்கட் நமுப்பதே இல்லை, வாரம் கழித்தும் மொறுமொறுப்பு அப்படியே இருந்தது. பால் சேராதவர்களுக்கு ஒரு தனி டப்பா போடுவதென்றால் எண்ணெயில் செய்த பிஸ்கட்டோடு இதைத்தான் வைப்பேன்.

பிஸ்கட்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது. அல்ஃபஹோர் பிஸ்கட்டின் மாவில் பாதிக்கு மேல் சோளமாவு (வெள்ளையான கார்ன்ஃபிளவர்): 200 கிராம் சோளமாவு, 150 கிராம் மைதா, 150 கிராம் வெண்ணெய், 100 கிராம் ஐசிங் சர்க்கரை, மூன்று மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், எலுமிச்சைத் தோல் துருவல். 170 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், நிறம் மாறாமல் வெளுப்பாகவே எடுக்க வேண்டும். வாயில் போட்டால் பொடிந்து கரையும். இது கொஞ்சம் ஈரம் இழுத்து மென்மையானால் இன்னும் நன்றாகிறது. அதாவது, நமுப்பதே இங்கே குறை இல்லை, அந்த பிஸ்கட் அதற்காகவே பிறந்தது. அர்ஜென்டினாவில் ஓரத்தில் வழியும் கேரமலை உலர்ந்த தேங்காய்த் துருவலில் உருட்டுகிறார்கள், நமக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறென்ன? முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு ஷார்ட்பிரெட்தான் வழி, ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா. ஆனால் அது மொறுமொறுப்பால் வாழும் பிஸ்கட், நமுத்தால் போயிற்று. அதற்கு உள்பக்கம் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லிய பூச்சாகத் தடவி, அது இறுகிய பிறகு கேரமல் வையுங்கள். கொழுப்புப் பூச்சு ஈரத்தை மறித்துவிடும். இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கியது.

எந்த மாவாக இருந்தாலும் நம் சமையலறைச் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, தட்டோடு குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்த பிறகு வெட்டினால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

மாக்சிக் வீட்டுக்குக் கொடுப்பதென்றால் இன்னும் ஒரு கவனம். கேரமலில் பிரச்சினை இல்லை, வெனிலாவில் இருக்கலாம், பல வெனிலாக்கள் சாராயத்தில் ஊறவைத்தவை. வெனிலா, வெண்ணெய், சாக்லேட் எல்லாம் ஹலால் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன். நோன்புப் பெருநாளுக்கு அவர் தரும் டார்ட்டை நாங்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் சாப்பிடுகிறோம், நாங்கள் கொடுப்பதையும் அவர் அப்படிச் சாப்பிட வேண்டும்.

ஆக, இந்த வருஷம் எங்கள் வீட்டில் இப்படி முடிவாகியிருக்கிறது. வெளியே போகும் டப்பா எல்லாம் டின்பால் கேரமலும் சோளமாவு பிஸ்கட்டும். முட்டை வேண்டாதவர்களுக்கு அதே கேரமல், சாக்லேட் தடவிய ஷார்ட்பிரெட். தீபாவளி மாலை வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரைக் கேரமல், அன்று மதியமே வைத்து மூடியது. குலா மலாக்கா எங்களுக்கு மட்டும், ஒரு சின்னக் கிண்ணம்.

பிஸ்கட்டை ஒரு வாரம் முன்னாலேயே சுட்டுக் காற்றுப்புகாத டின்னில் வைத்துவிடலாம், கேரமலும் குளிர்பெட்டியில் இருக்கும். இரண்டையும் சேர்த்து மூடுவதை மட்டும் கொடுப்பதற்கு முந்தைய நாள் வையுங்கள். மூடிய பிறகு வெளியே மூன்று நான்கு நாள், குளிர்பெட்டியில் ஒரு வாரம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் டப்பாவை உடனே திறக்காதீர்கள், அரை மணி நேரம் அப்படியே மேசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த பிஸ்கட் மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும்.